கேஷிகாவின் தட்டில் மீந்த சோறு

அக்கரப்பத்தனை
11.02.2024

ஜெயந்தினி அக்காவுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்கினால் முதல் வரியிலேயே மடித்து வைத்துவிடுவீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் அழைத்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. தபாலில் வந்த காகிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன். உங்கள் தங்கச்சி சுதர்ஷினி இருந்த வீட்டுக்குத் தை மாதம் வாழ வந்தவள் நான். பெயர் நாகலெட்சுமி. பெயரையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள்.

உங்கள் கோபத்தைப் பற்றி இதில் பேசப்போவதில்லை. கேஷிகாவைப் பற்றித்தான் கேட்கவேண்டும்.

பிள்ளை சாப்பிடுவதில்லை அக்கா. அழுவதில்லை, அடம் பிடிப்பதில்லை, தட்டைத் தள்ளுவதும் இல்லை. அப்படிச் செய்தாலாவது ஏழு வயதுக் குறும்பு என்று விட்டுவிடுவேன். கை கழுவிக்கொண்டு ஒழுங்காக வந்து உட்காருகிறாள். இரண்டு வாய் சாப்பிடுகிறாள். பிறகு பெரிய மனுசி மாதிரி, "போதும் சித்தி. இதுல ஒன்னு கொறையுது" என்கிறாள்.

"என்னா கொறையுது?"

"தெரியல."

அவ்வளவுதான். எழுந்து போய்விடுகிறாள். பேக்கரிப் பாண் கொடுத்தால் தின்கிறாள். பிஸ்கட் தின்கிறாள். ஆகவே வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்த நர்ஸ் மிஸ், வயதுக்கு எடை காணாது என்று சொல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சித்தி என்றால் அப்படித்தானே பார்ப்பார்கள்.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வட்டகொடையில் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் குழம்பு கூட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். தையல் மிஷினை விட்டால் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். இங்கே வந்து புளியைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். மாசிக் கருவாடு இடித்துப் போட்டேன். மணத்துக்கு ரம்பை இலை போட்டேன். ஒன்றும் அவளிடம் எடுபடவில்லை.

அவரிடம் கேட்டேன். மரக்கறி லொறியைத் தம்புள்ளைக்கு ஓட்டிப் போய்த் திரும்புகிற மனுசனுக்குப் பசித்தால் எல்லாம் ஒரே ருசி. "சோறு மாதிரிதான் இருந்துச்சு" என்கிறார். இதை வைத்து நான் எதைக் கண்டுபிடிப்பது?

சுதர்ஷினி அக்கா பிள்ளைக்கு என்ன சமைத்தார்? எதைப் போட்டார்? எல்லாரும் போடுகிற எதைப் போடாமல் விட்டார்? என்னைத் திட்டிவிட்டாவது சொல்லுங்கள்.

நாகலெட்சுமி


நுவரெலியா
24.02.2024

நாகலெட்சுமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

நான் போனை ஏன் எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போன என் தங்கச்சி போன ஆடியில் திரும்பி வரவில்லை. வருஷத் திவசம் முடியவில்லை, தையில் அழகுமுத்து மாலை மாற்றிக்கொண்டார். அதுவரை பிள்ளைக்குப் பாணும் கடைப் பார்சலும் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தவருக்கு இன்னும் கொஞ்சம் சமாளிக்க முடியாமல் போய்விட்டது. இதில் உங்கள் மேல் குற்றம் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் நல்லவர். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

கேட்டதற்குப் பதில். சுதர்ஷினிக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். விடிய ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்து, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறவள் என்னத்தைப் பெரிதாகச் சமைப்பாள்? சீக்கிரம் ஆகிறதுதான் சமைப்பாள். ரொட்டி, தேங்காய்ச் சம்பல். சோறு, கோவாச் சுண்டல். டின்மீன் கிடைத்தால் டின்மீன். பிள்ளைக்குப் பிடித்தது பருப்பும் கிழங்கும் போட்ட குழம்பு.

மைசூர்ப் பருப்பை மஞ்சள், பூண்டு, பச்சை மிளகாய் போட்டுக் குழைய வேகவிடுங்கள். கிழங்கைத் தனியாக அவித்துத் தோலை உரித்துக் கையாலேயே உடைத்துப் போடுங்கள். கத்தி வைக்கக் கூடாது. இறக்கும்போது கட்டித் தேங்காய்ப்பால். கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். சோற்றில் ஊற்றி நன்றாகப் பிசைந்து கொடுக்கவேண்டும். இதற்கு மேல் அதில் வித்தை இல்லை.

அப்படியும் சாப்பிடாவிட்டால் பிள்ளையை என்னிடம் விடுங்கள். இங்கே பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஜெயந்தினி


அக்கரப்பத்தனை
10.03.2024

ஜெயந்தினி அக்காவுக்கு,

திட்டு கம்மியாகத்தான் வந்திருக்கிறது. நான் இதைவிட எதிர்பார்த்தேன்.

நீங்கள் எழுதியதை அப்படியே செய்தேன். கத்தி வைக்கவில்லை. ஆவி பறக்கப் பறக்கக் கிழங்கை உடைத்துக் கை பொசுங்கியது. தட்டைக் கொண்டுபோய் வைத்ததும் பிள்ளை குனிந்து மணந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை இந்த வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் வாய் வைத்தாள். இரண்டு, மூன்று. அதோடு நின்றுவிட்டது. "மணம் அதேதான் சித்தி. ஆனா இன்னும் கொறையுது."

மணம் சரியாம், ருசியில்தான் ஏதோ குறைகிறதாம். கேட்டீர்களா? ஆகவே தாளிப்பில் குறை இல்லை, தேங்காய்ப்பாலில் குறை இல்லை. மணக்காத ஏதோ ஒன்று அதில் இருந்திருக்கிறது. மணமில்லாமல் ருசி மட்டும் உள்ளது என்ன? உப்பு. உப்பை மாற்றிப் பார்த்தேன். கல்லுப்பு, தூளுப்பு, உப்புக் கரைத்த தண்ணீர். கடைசியில் அவர் லொறியிலிருந்து வந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "கடல்லயா சமைச்ச?" என்றார்.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லாப் பிள்ளைகளும் தேத்தண்ணிக்குச் சீனி சீனி என்று கேட்கும். இவள் சீனியே போடாத பிளேன்டீயைக் கண்ணை மூடிக்கொண்டு, வாயிலேயே வைத்திருந்து குடிக்கிறாள். ஏழு வயதுக்கு இது என்ன பழக்கம்? முன்பும் அப்படித்தானா?

நேற்று அவர், "பேசாம அவ பெரியம்மாகிட்டயே விட்டுருவமா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், அவ்வளவு மெலிந்திருக்கிறது. நான் மிஷினில் உட்கார்ந்து தைத்த துணியையே திரும்பத் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவளை அனுப்ப இஷ்டமில்லை அக்கா. இரவில் தூக்கத்தில் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாள். பகலில் பிடிப்பதில்லை. அந்தப் பிடிக்காகவாவது அவளுக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காகப் போடவேண்டும் என்று இருக்கிறது.

நாகலெட்சுமி


நுவரெலியா
25.03.2024

நாகலெட்சுமிக்கு,

பிளேன்டீ விஷயம் எனக்குத் தெரியாது. சுதர்ஷினி இருந்தபோது அவள் பால் தேத்தண்ணி குடித்துத்தான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எதில் சமைக்கிறீர்கள்? கேஸ் அடுப்பா? சுதர்ஷினி விறகில்தான் சமைத்தாள். காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளை ஒடித்து வந்து எரிப்பாள். மண்சட்டி. குறை அங்கேதான் இருக்கும். மணம் இல்லாத ருசி, உப்பு, கிப்பு என்று நீங்கள் எங்கெங்கோ போகிறீர்கள்.

சித்திரை லீவுக்குப் பிள்ளையை அனுப்புங்கள். என் வீட்டுப் பின்பக்கம் விறகு அடுப்பு இருக்கிறது. இங்கே வந்தால் சாப்பிடுவாள். ஒரே வீட்டில் ஒரே அம்மாவிடம் வளர்ந்தவர்கள் நானும் சுதர்ஷினியும். சாப்பிட்டால் இங்கேயே இருக்கட்டும். அழகுமுத்துவிடம் பேசிவிட்டேன், சரி என்றார். உங்களிடமும் சொல்லவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஜெயந்தினி


அக்கரப்பத்தனை
10.04.2024

அக்காவுக்கு,

இதைக் கேஷிகாவின் பையில் வைத்து அனுப்புகிறேன். சிவப்புச் சட்டை புதிது, நான் தைத்தது. வருஷப் பிறப்புக்குப் போட்டுவிடுங்கள்.

விறகிலும் சமைத்துப் பார்த்துவிட்டேன், தேயிலை மிலாறிலேயே. மண்சட்டியிலும் பார்த்தாயிற்று. இல்லை.

உங்கள் வீட்டில் அவள் சாப்பிடவேண்டும் என்று சாமி கும்பிட்டேன். கும்பிட்டு முடித்ததும் சாப்பிட்டுவிடக் கூடாது என்றும் தோன்றியது. இரண்டையும் ஒரே சாமியிடம் கேட்டால் அது என்ன செய்யும்? எதைச் செய்தாலும் என்ன குறைந்தது என்பதை மட்டும் எழுதிவிடுங்கள். பிள்ளை அங்கேயே தங்கிவிட்டாலும் எனக்கு அது தெரியவேண்டும். தெரியாமல் இருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

நாகலெட்சுமி


நுவரெலியா
25.04.2024

நாகலெட்சுமிக்கு,

பிள்ளை நேற்று உங்களிடம் வந்து சேர்ந்திருப்பாள். ஏன் திரும்பி வந்தாள் என்று அவள் அப்பா சொல்லியிருப்பார். அவர் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். மனது கேட்கவில்லை.

அவள் இங்கேயும் சாப்பிடவில்லை.

பருப்பும் கிழங்கும் வைத்தேன். முட்டைக் குழம்பு வைத்தேன். லீக்ஸும் கிழங்கும் பிரட்டினேன். நெத்தலிக் கருவாட்டுக்குக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன், அது எங்கள் அம்மா வைக்கிற மாதிரியே வந்தது. வருஷத்தன்று கோழி. நான் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கிச்சனில் சமைக்கிறவள். வெள்ளைக்காரர்கள் தட்டை வழித்துத் தின்றுவிட்டுக் கும்பிடு போட்டுப் போகிறார்கள். இந்தப் பெண் இரண்டு வாய் தின்றுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "பெரியம்மா, நீங்களும் சித்தி மாதிரியே சமைக்கிறீங்க."

என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் அவருடன் அன்று முழுக்கப் பேசவில்லை.

பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். உன்னிடமும் சாப்பிடவில்லை, என்னிடமும் சாப்பிடவில்லை. அப்படியானால் இது உன் குறை இல்லை. இதை எழுத எனக்கு இஷ்டமில்லை, ஆனால் உண்மை அதுதான். நம் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்றை என் தங்கச்சி செய்திருக்கிறாள். அது என்னவென்று இப்போது எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

இனி நீ அழைத்தால் போனை எடுப்பேன். ஆனாலும் எழுது. போனில் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

ஜெயந்தினி


அக்கரப்பத்தனை
14.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

'நீ' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.

கதை கேளுங்கள். மழை விட்டு வெயில் அடித்ததும் மலையெல்லாம் கொழுந்து தள்ளிக்கொண்டு நிற்கிறது. எடுக்க ஆள் போதாது. போன ஞாயிறு பக்கத்து வீட்டுத் தனுஷிகா, "கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கலாம் வாங்கக்கா, யாரு வேணும்னாலும் வரலாம், அன்னன்னிக்கே காசு" என்று கூப்பிட்டாள். எனக்குத்தான் எதைக் கண்டாலும் என்னவென்று பார்க்கவேண்டுமே. போனேன். வாழ்க்கையில் முதல் தடவை தலையில் கூடையை மாட்டினேன். அது பின்னால் இழுக்க, நான் முன்னால் சாய, மலையே சிரித்தது. நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை என் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது சம்பலுக்கா எடுத்தீங்க?" என்று கேட்டார்.

அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தால் பீலியில் தண்ணீர் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலேயே கையைத் துடைத்துக்கொண்டேன். பிள்ளைக்குப் பசி நேரம். குடத்தில் இருந்த கொஞ்சத் தண்ணீரில் கோதுமை மாவைக் குழைத்தேன். தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு ரொட்டி தட்டினேன். செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் அம்மியில் வைத்து நசுக்கி, தேங்காய்ப்பூ போட்டுத் தேசிக்காய் பிழிந்து பிசைந்தேன். அரைகுறைச் சம்பல். எனக்கே வெட்கமாக இருந்தது.

அக்கா, அவள் சாப்பிட்டாள். தலை நிமிராமல் சாப்பிட்டாள். ரொட்டி முடிந்ததும் சம்பலை விரலால் வழித்து நக்கினாள். "இன்னும் இருக்கா சித்தி?" என்றாள். எனக்கு வைத்திருந்ததையும் கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பசியிலும் அழுதேன் என்று வையுங்கள்.

மாவுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். அது வேறு கடையில் வாங்கிய மா. திங்கட்கிழமை முழுக்கத் தைத்துக்கொண்டே சாயங்காலத்துக்காகக் காத்திருந்தேன். அதே மா, அதே தேங்காயின் மறுபாதி, ரொட்டி சுட்ட அதே தாச்சி. அரை ரொட்டியோடு எழுந்துவிட்டாள். "நேத்து நல்லா இருந்துச்சு" என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறாள்.

ஒரே நாளில் அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது? நான் எதை விட்டுவிட்டேன்? நீங்களாவது யோசித்துச் சொல்லுங்கள்.

நாகலெட்சுமி


நுவரெலியா
02.06.2024

நாகலெட்சுமிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிறது. கிச்சனில் வைத்துத்தான் பிரித்தேன். கையில் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன், உறை இல்லாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்பது எங்கள் கெஸ்ட் ஹவுஸ் சட்டம். பீலியில் தண்ணீர் இல்லை, சாக்கில் துடைத்தேன் என்ற இடத்துக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தினேன். உறையைக் கழற்றி என் கையைப் பார்த்தேன். வெள்ளையாக, மெத்தென்று இருந்தது.

அது மா இல்லை நாகலெட்சுமி. கொழுந்துச் சாறு.

நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளுகிற கையில் அந்தப் பச்சைச் சாறு ஊறிவிடும். விரல் வெடிப்புகளில் இறங்கிக் கறுத்துவிடும். சவர்க்காரத்துக்குப் போகாது. அந்தக் கை மாவைக் குழைத்தாலும், சம்பலைப் பிசைந்தாலும், சோற்றை உருட்டி ஊட்டினாலும் துளிக் கசப்பும் துவர்ப்பும் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்குத் தெரியாது, பழகிவிடும். பல் முளைத்த நாளிலிருந்து கேஷிகா தின்றதெல்லாம் அந்தக் கை பிசைந்த சோறு. அவளுக்குச் சோறு என்றாலே அந்த ருசிதான். பாணிலும் பிஸ்கட்டிலும் அம்மா கை படவில்லை, அதனால் அதில் அவளுக்கு ஒன்றும் குறையவில்லை. பிளேன்டீயில் அவள் எதைத் தேடினாள் என்று இப்போது உனக்கே தெரியும்.

எங்கள் அம்மா கையும் அப்படித்தான் இருந்தது. நானும் அதைத் தின்றுதான் வளர்ந்தேன். டவுனுக்கு வந்து மறந்துவிட்டேன்.

இதை அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டால் பிள்ளை உன்னிடமே நின்றுவிடுவாள், எனக்குக் கிடைக்கமாட்டாள் என்று மனது கணக்குப் போட்டது. பிறகு அவள் இங்கே இருந்தபோது விளையாடக் கூடப் பலமில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. எழுதிவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கேள். இதற்காக நீ பேர் பதிந்து கொழுந்துக்குப் போகாதே. சுதர்ஷினி பிள்ளைக்குச் சோறு பிசையுமுன் தேசிக்காய்த் தோலால் கையைத் தேய் தேயென்று தேய்ப்பாள். "எம்புள்ள வாயில இந்தக் கசப்பு போகக் கூடாதுக்கா" என்பாள். எவ்வளவு தேய்த்தும் அது பிள்ளை வாய்க்குப் போயிருக்கிறது.

ஜெயந்தினி


அக்கரப்பத்தனை
16.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்குமுன்பே எழுந்து வெளியே ஓடினேன். வேலியோரம், மருந்தடிக்காத ஒரு செடி நிற்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கழுவி, உள்ளங்கையில் வைத்துச் சாறு வரத் தேய்த்தேன். நக்கிப் பார்த்தேன். தூ! அக்கா, இதையா பிள்ளை தேடினாள்?

அந்தக் கையோடு பருப்பும் கிழங்கும் பிசைந்தேன். அவள் தட்டு காலியானது. தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னைக்குத்தான் சித்தி சரியா வச்சிருக்கீங்க" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஓர் உருண்டை கொடுத்தேன். மென்றுகொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார். "இது..." என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் லொறிப் பக்கம் நின்று சாப்பிட்டார். நான் போகவில்லை. அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை என்று தெரிந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மறைக்கமாட்டேன்.

உங்கள் சொல்லைத் தட்டமாட்டேன், கொழுந்துக்குப் போகப்போவதில்லை. எனக்கு வேறு யோசனை இருக்கிறது. தினமும் இலையைக் குறைத்துக்கொண்டு வருகிறேன். முதலில் இரண்டு இலை. பிறகு ஒன்று. இப்போது பாதி. பிள்ளைக்குத் தெரியவே இல்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இப்படியே போனால் ஆடிக்குள் கசப்பே இல்லாமல் சாப்பிடப் பழகிவிடுவாள். சுதர்ஷினி அக்காவுக்கும் அதுதானே விருப்பம்? கிளினிக் மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். எப்படி என் மூளை?

நாகலெட்சுமி


நுவரெலியா
28.06.2024

நாகலெட்சுமிக்கு,

உன் மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது. நீ செய்வது சரி. யாரைக் கேட்டாலும் சரி என்பார்கள். சுதர்ஷினியே இருந்தாலும் சரி என்பாள்.

எனக்குத்தான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் இரண்டு இலை, பிறகு ஒன்று, பிறகு பாதி என்று நீ எழுதியதைப் படிக்கப் படிக்க யாரோ என் தங்கச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டு வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது. பிள்ளைக்கு அவள் முகம் இனி போட்டோவைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். குரல் போயிருக்கும். அவளிடம் மிச்சம் இருந்தது நாக்கில் இருந்த அது ஒன்றுதான். அதையும் பாதி இலை, கால் இலை என்று...

உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளை சாப்பிடவேண்டும். அது போதும். நீ செய்கிறபடி செய்.

ஜெயந்தினி


அக்கரப்பத்தனை
12.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்காமல் விட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

நிறுத்திவிட்டேன். குறைப்பதை நிறுத்திவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று கேஷிகாவை வேலியோரம் கூட்டிப் போய்ச் செடியைக் காட்டினேன். இலையைக் கசக்கி அவள் உள்ளங்கையில் தேய்த்து நக்கிப் பார்க்கச் சொன்னேன். உன் அம்மா நாள் முழுக்க இதைத்தான் கிள்ளினார், அந்தக் கையால்தான் உனக்குச் சோறு பிசைந்தார், குறைந்தது இதுதான் என்று சொன்னேன். அவள் கையை மூடி வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கக் கழுவவே இல்லை.

மறுநாள் அவளே சொன்னாள்: "தெனம் வேணாம் சித்தி. எனக்கு வேணும்கிற அன்னைக்கு நானே இலை பறிச்சிட்டு வாறேன்." அப்படித்தான் நடக்கிறது. சில நாள் வெறும் கையோடு வருகிறாள், நான் சமைத்ததை என் ருசியிலேயே சாப்பிடுகிறாள். சில நாள் ஓர் இலையைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போகிறாள். எந்த நாள் எது என்பதை நான் கேட்பதில்லை. எதைக் கண்டாலும் கேட்கிறவள் நான், இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

ஆடியில் வருஷத் திவசம். நீங்கள் வரவேண்டும். இந்த வீட்டு வாசலில் கால் வைக்கமாட்டேன் என்று தையில் சொன்னீர்களாம். எனக்கு அது தெரியாது என்று வைத்துக்கொண்டு கூப்பிடுகிறேன்.

படையலுக்கு என்ன சமைப்பது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. அவர் பிள்ளைக்கு என்ன சமைத்தார் என்றே இத்தனை மாதமும் துருவிக்கொண்டிருந்தேன். சுதர்ஷினி அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு தரம் கூடக் கேட்கவில்லை. அவருக்கு என்ன பிடிக்கும் அக்கா?

நாகலெட்சுமி


நுவரெலியா
24.07.2024

தங்கச்சி நாகலெட்சுமிக்கு,

சுதர்ஷினிக்குப் பிடித்தது டின்மீன் கறி. வெறும் டின்மீன்தான். வெங்காயமும் பச்சை மிளகாயும் தக்காளியும் வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, மீனை உடையாமல் இறக்கி, கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டால் முடிந்தது. கூடச் சுடுசோறு. அவ்வளவுதான்.

ஆனால் என் வீட்டுக்கு வந்தால் அவள் சோற்றில் கை வைக்கமாட்டாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் தட்டை என்னிடம் நீட்டுவாள். "நீ ஊட்டிவிடுக்கா, என் கை கசக்குது" என்பாள். நான் திட்டிக்கொண்டே ஊட்டுவேன். சோம்பேறி என்று நினைத்துத்தான் திட்டினேன்.

பிள்ளை உன்னோடு இருக்கட்டும். இனி அதை நான் கேட்கமாட்டேன். லீவுக்கு மட்டும் அனுப்பு. வரும்போது இலை கொடுத்து அனுப்பவேண்டாம், என் சமையலையும் அவள் கொஞ்சம் பழகட்டும்.

திவசத்துக்கு முதல் நாளே நாங்கள் வருகிறோம். படையலுக்கு டின்மீன் கறியை நான் வைக்கிறேன். இலையில் சோறு போட்டு நானே பிசைந்து வைக்கிறேன். என் கையில் கசப்பு இல்லை, அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

படையல் எடுத்த பிறகு நீ கேஷிகாவிடம் சொல்லி ஓர் இலை பறித்து வரச் சொல். அதைக் கையில் தேய்த்துக்கொண்டு எனக்கு ஓர் உருண்டை பிசைந்து கொடு. என் தங்கச்சி கைச் சோறு சாப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது.

அக்கா
ஜெயந்தினி